அண்ணன் எடுத்த மூஞ்சி இல்லாத போட்டோ

எனக்கு எழுத வராது. நான் சொல்லிகினே வரேன், மருமவ போன்ல அடிச்சிகினு வர்றா. சுருக்கா சொல்லுங்க மாமான்றா. எனக்கு சுருக்கா வராது. நான் மீன்பாடி வண்டி, அதான் மூணு சக்கர லோடு சைக்கிளு, மெதிச்சவன். அம்பத்தூர் எஸ்டேட்ல கம்பெனிக்கு கம்பெனி இரும்பு ஏத்திகினு போனவன். லோடு வண்டி அதும் வேகத்துல தான் போவும்.

எங்க ஊட்ல ஒரு போட்டோ இருந்திச்சி. வெள்ளானூர்ல எங்க ஊடு கூரையா இருந்தப்போ மண்ணு சொவுத்துல தொங்கிச்சி. ஓடு போட்டோம், அப்பயும் தொங்கிச்சி. புள்ள தலையெடுத்து தளம் போட்டு டைல்ஸ் ஒட்னான், அப்பயும் மொத ஆணி அதுக்கு தான் அடிச்சான். பட்டாளத்து சட்ட போட்டுகினு, மீச வெச்சிகினு, எதுத்தாப்புல கீறவன மொறச்சிகினு ஒரு ஆளு. மேல ஒரு சின்ன செவப்பு பல்பு. வெள்ளிக்கெழம ஆனா சந்தனம், குங்குமம், ஒரு மொழம் பூவு. ஊட்டுக்கு வர்றவங்க அத்த பாத்துட்டு, உங்க அண்ணனா, சண்டைல செத்தாரே அவுரான்னு கேப்பாங்க. நான் ஆமான்னுட்டு பேச்ச மாத்திடுவேன்.

அது எங்க அண்ணன் இல்ல. நான்.

இத்த வாய தொறந்து சொல்றதுக்கு எனக்கு அம்பது வருசத்துக்கு மேல ஆயிடிச்சி. எப்டி ஆச்சின்னு சொல்றேன்.

எங்கம்மாவுக்கு போட்டோன்னா ஆவாது. போட்டோ புடிச்சா ஆயுசு கொறஞ்சிடும்னு சொல்லும். திருமுல்லவாயல் பக்கம் ஒரு திருவிழால ஒருத்தன் அட்டைல ஏரோப்ளேன் செஞ்சி வெச்சிகினு போட்டோ புடிச்சிகினு இருந்தான். அண்ணனும் நானும் அதுல ஏறி குந்திகினோம். அண்ணன் முன்னாடி, நான் பின்னாடி. அந்தாளு கருப்பு துணிக்குள்ள தலைய உட்டான், அதுக்குள்ள எங்கம்மா கூட்டத்த தள்ளிகினு வந்து ரெண்டு பேர் முதுவுலயும் வெச்சிது ஒண்ணு. ஏரோப்ளேன் றெக்க கூட பிஞ்சிபோச்சி. அதுக்கு அப்பால எங்க ஊட்ல எவனும் போட்டோ பேச்சே எடுக்கல. அண்ணன் கல்யாணம் அம்மன் கோயில்ல நடந்திச்சி. அதுக்கும் போட்டோ கெடையாது.

அண்ணன் என்ன விட அஞ்சி வயசு பெரியவன். அஞ்சாவது வரைக்கும் படிச்சான். நான் அதுவும் இல்ல, எரும மேய்ச்சிகினு ஏரிக்கரைல கெடந்தேன். ஆவடில பட்டாளத்துக்கு ஆள் எடுத்தப்போ போயி நின்னான், எடுத்துகினாங்க. ஒரு தபா லீவுல வந்தப்போ என்னாண்ட மட்டும் ரகசியமா சொன்னான். ஆபிசர் ஒருத்தரு புது கேமரா வாங்கிகினாராம், பழசு ஒண்ணு பெட்டி மாரி கீறது, அத்த இவனுக்கு குடுத்துட்டாராம். வவுத்தாண்ட வெச்சிகினு மேலேந்து குனிஞ்சி பாத்து புடிக்கணுமாம். ஏன் கொண்டாரலன்னு கேட்டேன். அம்மா ஒடச்சிடும்டான்னான். அதுவும் சரி தான்.

கல்யாணம் ஆயி எட்டு மாசம். பங்களாதேஷ் சண்ட வந்திச்சி. அப்பால தந்தி வந்திச்சி.

பாடி வரல. அங்கயே எரிச்சிட்டாங்க. கொஞ்ச நாள் பொறுத்து ஒரு தகர பொட்டி வந்திச்சி. ரெண்டு சட்ட, ஒரு கம்பளி, ஷேவிங் பிரஷ்ஷு, ஒரு பழுப்பு காயித கவுரு. கேமரா இல்ல, அது எங்க போச்சோ. கவுருக்குள்ள போட்டோ இருந்திச்சி. எங்கம்மா அத்த பாத்ததும் பறக்கா பறந்து பிரிச்சிது. ஒண்ணு ஒண்ணா பொரட்டி பாத்திச்சி. மரம். தண்ணி. ஒரு மேடு. வானம். பூரா அப்டியே. ஒண்ணுத்துல கூட ஒரு மனுசன் கெடையாது.

"மூஞ்சி எங்கடா?"ன்னு என்ன கேட்டிச்சி, நான் எதோ ஒளிச்சி வெச்ச மாரி.

ஏரியும் பனமரமும் பாக்கவா இவன் அவ்ளோ தூரம் போனான்னு சொல்லி, அந்த கவுர அப்டியே அண்ணி மடில போட்டுடிச்சி. அண்ணிக்கு அப்போ பத்தொம்பது வயசு. எடுத்து முந்தானைல முடிஞ்சிகினாங்க.

கருமாதிக்கு நாள் வெச்சாச்சி. எங்கம்மா சோறு துன்னல. பாடியும் இல்ல, படமும் இல்ல, நான் எதுக்குடா மால போடுவேன்னு ஒரே பேச்சு. இப்போ சொல்றாங்க, பட்டாளத்துல கேட்டிருந்தா போட்டோ குடுத்திருப்பாங்களாம். அப்போ யாருக்கு தெரியும்? நாலு நாள் அது பச்ச தண்ணி தவுர ஒண்ணும் தொடல. அஞ்சாம் நாள் காத்தால எழுந்து, பொட்டிலேந்து அண்ணன் சட்டைய எடுத்து மஞ்ச பையில போட்டுகினு, வாடான்னு என்ன இட்டுகினு கெளம்பிச்சி. நடந்தே ஆவடி. ஒரு ஸ்டூடியோ முன்னாடி வந்து நின்னப்போ தான் எனக்கு வெவரம் புரிஞ்சிது.

"நீயும் அவனும் ஒரே ஜாட. போட்டுக்கோ"ன்னிச்சி.

போட்டுகினேன். இன்னா பண்றது? அந்த சட்ட எனக்கு தொளதொளன்னு இருந்திச்சி. அண்ணன் ஆளு வாட்ட சாட்டம். ஸ்டூடியோகாரரு முதுவு பக்கம் துணி கிளிப்பு நாலு போட்டு இழுத்து புடிச்சாரு. நான் தான் பட்டாளம்னு நெனச்சிகினு, எங்க தம்பி போஸ்டிங்குன்னு கேட்டாரு. பேசாம புடிப்பான்னிச்சி எங்கம்மா. சட்டைல அண்ணன் வாசன இன்னும் இருந்திச்சி. பீடியும் தேங்கா எண்ணையும். சிரிங்கன்னாரு. எனக்கு எப்டி வரும்?

வெளிய வந்து எங்கம்மா ஒண்ணே ஒண்ணு சொல்லிச்சி. இது உன் வாய்லேந்து வந்தா என்ன பொணமா தான் பாப்படான்னு.

கருமாதி அன்னிக்கி அந்த போட்டோவுக்கு மால போட்டு நடுவுல வெச்சாங்க. சனம் பூரா அத்த பாத்து மார்ல அடிச்சிகினு அழுவுது. ஒருத்தருக்கும் சந்தேகம் வர்ல. ஏன்னா கொள்ளி வெக்க வேண்டியவன் நான், காரியம் பண்றவன் நான், எனக்கு தலையும் மீசையும் மழிச்சி உட்டுட்டாங்க. பக்கத்துலயே மொட்டையா நின்னுகினு இருந்தேன். அதுக்கு அப்பால நான் மீசையே வெக்கல. எஸ்டேட்ல கூட்டாளிங்க கிண்டல் பண்ணுவானுங்க, இன்னா மாமே உனுக்கு மீசயே மொளைக்காதான்னு. மொளைக்கும்டா, போங்கடான்னுட்டு போயிடுவேன்.

ஆயுசு கொறையும்னு சொன்ன பொம்பள, உசுரோட கீற புள்ளைக்கு மால போட்டுடிச்சி. அது அதுக்கு தெரியாம இல்ல. மொத வருசம் பூரா நான் வேலைக்கி போயி திரும்பி வர்ற வரைக்கும் வாசல்லயே குந்திகினு இருக்கும். எனக்கு ஜொரம் வந்தா போட்டோவ திருப்பி சொவுத்த பாக்க வெச்சிடும். ஜொரம் வுட்டா மறுபடி திருப்பும்.

அண்ணிக்கி ஒரு வருசத்துல வேல குடுத்தாங்க, ஆவடில பட்டாளத்துக்கு துணி தெய்க்கிற ஃபேக்டரில. குவார்ட்டர்ஸ்ல இருந்தாங்க. மதுரக்காரங்க, தின்னேலிக்காரங்க, சேலத்துக்காரங்க எல்லாம் சுத்தி. வேற கல்யாணம் பண்ணிக்க சொல்லி எங்கம்மாவே கேட்டிச்சி, மாட்டேன்னுட்டாங்க. ரிடையர் ஆனதும் அண்ணனூர்ல ரயில் ஷெட்டுக்கு பின்னாடி சின்னதா ஒரு ஊடு கட்டிகினு அங்க கீறாங்க. வருசா வருசம் மாளய அமாவாசைக்கி எங்க ஊட்டுக்கு வந்துடுவாங்க. வடைக்கி ஊற வெக்கிறதுலேந்து எல்லா வேலையும் பண்ணுவாங்க. போட்டோவ மட்டும் தொட மாட்டாங்க. சந்தனத்த நீயே வெச்சிடும்மான்னு என் பொண்டாட்டிகிட்ட குடுத்துடுவாங்க. தாங்க முடியல போல, பாவம்னு நான் நெனச்சிகினேன்.

என் பொண்டாட்டிக்கு நான் சொல்லல. பூன குறுக்க போனா ஊட்டுக்கு திரும்பி வந்து தண்ணி குடிச்சிட்டு போற பொம்பள அவ. வாரா வாரம் புருசன் போட்டோவுக்கே மால போட்டுகினு கீறோம்னு தெரிஞ்சா அங்கயே உழுந்துடுவா. வெள்ளிக்கெழம சாம்பிராணி வாசன வந்தா நான் டீக்கடைக்கி போயிடுவேன். அவளும் போயி ஆறு வருசம் ஆவுது. அம்மா எப்பவோ போச்சி. அம்மா போனதும் சொல்லி இருக்கலாம். சொல்லல. நாள் ஆவ ஆவ சொல்றது கஷ்டம் ஆயிடிச்சி.

ஆனா எனக்கு பெரிய பேஜாரு அது இல்ல. கண்ண மூடி அண்ணன நெனச்சா, அண்ணன் மூஞ்சி வராது. அந்த போட்டோ தான் வரும். மீச வெச்சிகினு, மொறச்சிகினு, நான். அவனோட ஏரில நீச்சல் அடிச்சேனே, அதுல கூட தலைய தூக்குனா என் மூஞ்சி. எங்க அண்ணன நானே அழிச்சிட்டேனோன்னு இருக்கும். இத யார்கிட்ட சொல்றது?

இந்த வருசம் ஆகஸ்டுக்கு முன்னாடி எங்க நகர் சங்கத்து செயலாளர் ஊட்டுக்கு வந்தாரு. எங்க ஊர்ல இப்போ வயலு எல்லாம் நகர் ஆயிடிச்சி. ரிடையர் ஆன பட்டாளத்துகாரங்க, ஃபேக்டரிகாரங்க நெறைய பேரு மன வாங்கி கட்டிகினு கீறாங்க. இவுரும் பட்டாளம், தின்னேலி பக்கம். ஏரிக்கரையாண்ட ஒரு சின்ன பார்க்கு போட்டு கீறாங்க. ஊர்ல சண்டைல செத்தது ஒங்க அண்ணன் ஒருத்தர் தான், அவுக பேர வைக்கப் போறோம்னாரு. கல்லுல பேரு. அப்பால வாசல்ல பெரிய பேனரு.

"அண்ணாச்சி, ஒரு போட்டோ மட்டும் தந்தியன்னா போதும்."

நான் வாய தொறக்கறதுக்குள்ள என் புள்ள போன எடுத்து சொவுத்துல கீறத புடிச்சி அவருக்கு அனுப்பிட்டான். அவனுக்கு அப்டி ஒரு சந்தோசம். நைனா, பெரியப்பா மூஞ்சி எட்டடிக்கு வரப் போவுதுன்றான்.

எனக்கு வேர்த்துடிச்சி. ஊட்ல தொங்கறது ஒண்ணு. அது எங்கம்மாவுக்காக. ரோட்ல எட்டடிக்கு என் மூஞ்சிய வெச்சி, கீழ அண்ணன் பேர போட்டு, சனம் வந்து கும்புட்டா? அப்பால எங்க அண்ணன யாரு தேடுவாங்க? இன்னிக்கி எங்க ஊட்ல அண்ணன பாத்தவங்கன்னு உசுரோட கீறது நானும் அண்ணியும் தான். எங்களுக்கு அப்பால அந்த பேனர்ல கீறவன் தான் அவன். அண்ணிகிட்ட சொல்லிடணும்னு முடிவு பண்ணேன். அவங்க காறி துப்பனாலும் சரி.

மறுநாள் காத்தால, கண்ணாடி மாத்தணும்னு மருமவகிட்ட பொய் சொல்லிட்டு போட்டோவ கழட்டினேன். துண்டுல சுத்தி பையில போட்டுகினேன். ஷேர் ஆட்டோல ஆவடி. அங்கேந்து ரயிலு. அடுத்த ஸ்டேசன் அண்ணனூரு, மூணு நிமிசம் ஆவாது. வண்டி நின்னிச்சி. எனக்கு காலு எழும்பல. வண்டி எடுத்துட்டான். அம்பத்தூர்ல போயி எறங்கினேன்.

வெளிய வந்து ஒரு டீ குடிச்சேன். பழைய கூட்டாளி ஒருத்தன் அங்க பொட்டிக்கடை வெச்சிகினு கீறான், பூந்தமல்லி பாய். அந்த காலத்துல எங்க வண்டிங்களுக்கு சீட்டு தெச்சி குடுப்பான். பையில இன்னா அண்ணாத்தேன்னான். போட்டோன்னேன். யாருதுன்னான். அண்ணன்துன்னு சொல்ல வந்தேன், வாய் வரல. என்துன்னேன். மொத தபா சொன்னேன் பாரு, அது பாய்கிட்ட. அவனுக்கு ஒண்ணும் புரியல. அதுக்கு ஏன் உனுக்கு கண்ணு கலங்குதுன்னான். திரும்பி போயி ரயில் ஏறி அண்ணனூர்ல எறங்கினேன்.

அண்ணி மிஷின்ல குந்தி யாரோ பக்கத்து ஊட்டு பொண்ணு ஜாக்கெட்ட பிரிச்சி தெச்சிகினு இருந்தாங்க. எழுவத்தி நாலு வயசு, கண்ணாடி போட்டுகினு நூல் கோத்துடறாங்க. வாங்க தம்பின்னாங்க, மிஷின நிறுத்தல. நான் பைய மடில வெச்சிகினு குந்தினேன். கடகடன்னு ஓடுது மிஷினு. அது ஓடற வரைக்கும் பேச வேணாம்னு ஒரு நிம்மதி. அப்பால நிறுத்திட்டா இன்னா பண்றதுன்னு ஒரு பயம். அது ஓடிகினு இருக்கும்போதே பேனர் சமாச்சாரம் எல்லாம் சொன்னேன். அப்பால கத்தி சொன்னேன்.

"அண்ணி, ஊட்ல மாட்டி கீற போட்டோல கீறது அண்ணன் இல்ல."

அவங்க ஒரு வரி தெச்சி முடிச்சி, நூல பல்லால கடிச்சாங்க.

"தெரியும்."

"அது நான்."

"அதுவும் தெரியும். நான் இன்னா குருடியா?"

அண்ணி கண்ணாடிய கழட்டி தொடச்சாங்க. எட்டு மாசம் தான் ஆனாலும் அவுரோட குடும்பம் பண்ணவ நான், பொட்டிலேந்து வந்த சட்ட எதுன்னு எனக்கு தெரியாதான்னாங்க. கருமாதி அன்னிக்கே தெரியுமாம். அப்பால ஃபேக்டரில சேந்து தொழில் கத்துகினதும் இன்னொண்ணும் தெரிஞ்சிதாம். "அந்த படத்துல தோள் தையல் அர ஜாண் கீழ எறங்கி கீது தம்பி. முன்னாடி மட்டும் சிக்குன்னு கீது. எவனோ பின்னாடி கிளிப்பு போட்டு கீறான். எங்க செக்கிங்ல அந்த சட்டைய அப்டியே கிழிச்சி போட்டுருப்பாங்க"ன்னாங்க.

அப்போ ஏன் சொல்லலன்னு கேட்டேன். கேக்கும்போதே எனக்கு அழுவ வந்திடிச்சி. வயசான காலத்துல எது கேட்டாலும் வருது.

உங்கம்மா அத்த பாத்து தானே ஒரு வாய் சோறு துன்னாங்க, அத நான் எப்டி புடுங்குவேன்னாங்க. அப்பால உங்க ஊட்டுக்காரி, அவ பயந்த சுபாவம். ஆனா நான் அத்த தொடறது இல்ல. கொழுந்தன் படத்துக்கு நான் எப்டி பொட்டு வெக்கிறதுன்னாங்க. சொல்லிகினே வந்தவங்களுக்கு சிரிப்பு வந்திடிச்சி.

"வருசா வருசம் கற்பூரம் காட்டும்போது நீங்க கதவாண்ட நின்னு வேத்துகினு இருப்பீங்க. நான் சிரிப்ப அடக்க முந்தானைய வாயில வெச்சிக்குவேன். அழுவறேன்னு நெனச்சி உங்க பொண்டாட்டி தண்ணி கொண்டாந்து குடுக்கும்."

நானும் சிரிச்சிட்டேன். எத்தினி வருசம்! சிரிக்க சிரிக்க நெஞ்சில எதோ கட்டி வெச்சிருந்தது அவுந்த மாரி இருந்திச்சி. ஏத்தத்துல லோடு வண்டிய ஏத்திட்டு, மேல வந்து பெடல உடுவோமே, அப்போ காலு லேசாவும். அந்த மாரி.

அண்ணி உள்ள போயி அந்த பழுப்பு கவுர கொண்டாந்தாங்க. நஞ்சி போச்சி, ஓரம் பூரா துணி வெச்சி தெச்சி வெச்சி கீறாங்க. போட்டோங்கள பாய் மேல பரப்பினாங்க. பன்னண்டு. அன்னிக்கி அம்மா பொரட்டினதோட சரி, நான் பாத்தது. மரம், தண்ணி, மேடு, வானம்.

"பின்னாடி எழுதி கீறாரு, தெரியுமா?"

எனக்கு எப்டி தெரியும்? எனக்கு படிக்க தெரியாது, எங்கம்மாவுக்கும் தெரியாது. நாங்க பின்னாடி திருப்பியே பாக்கல. அண்ணிக்கு மட்டும் தெரியும், அவங்க மடில போட்டத அவங்க படிச்சிட்டாங்க. ஏன் இத்தினி நாளா காட்டலன்னு கேட்டேன். நீங்க யாரும் கேக்கலையே, மூஞ்சி இல்லாத போட்டோ எதுக்குன்னு தானே உங்கம்மா சொன்னாங்கன்னாங்க. கோவமா சொல்லல.

ஒண்ணு ஒண்ணா திருப்பி படிச்சாங்க. படிக்கல, பாக்காமலே சொன்னாங்க. ஒரு மேட்டு போட்டோ. "இங்க மண்ணு செவப்பு. போட்டோவுல தெரியாது." வானம் மட்டும் கீற ஒண்ணு. "இன்னிக்கு வானம் நல்லா இருந்துச்சி. வேற ஒண்ணும் இல்ல." ரயிலு ஜன்னல்லேந்து வயக்காடு ஒண்ணு. "ஆவடி வர்றதுக்கு முன்னாடி இப்பிடித்தான் வரும்னு எடுத்தேன்." அப்பால ஒரு குட்ட. கரைல பனமரம் வரிசையா. தண்ணில அதுங்க நெழலு.

"இது நம்ம ஏரி மாதிரியே இருக்கு. பனமரம் கூட அதே வரிச. மூணாவது மரத்துக்கிட்ட தம்பி எரும மேய்ப்பான். அவன் மட்டும் இல்ல."

அத்த நான் கைல வாங்கினேன். எங்கம்மா சொல்லிச்சே, ஏரியும் பனமரமும் பாக்கவா போனான்னு. ஆமா, அதான் பாத்து கீறான். சண்டைக்கி போன ஊர்ல, எந்தெந்த எடம் எங்க ஊரு மாரி கீதோ அங்க நின்னு புடிச்சி கீறான். பன்னண்டுல ஏழு அப்டி. மூணாவது மரத்தாண்ட வெரல வெச்சி ரொம்ப நேரம் பாத்துகினு இருந்தேன். அண்ணி பக்கத்துல டீ வெச்சிட்டு மிஷினுக்கு போயிட்டாங்க.

அப்பால தான் பேனர் ஞாபகம் வந்திச்சி. அண்ணி செயலாளருக்கு போன் போட்டாங்க. அவரு, ஐயோ பிரிண்ட் ஆயிட்டுதேம்மா, கடைல தான் இருக்கேன்னாரு. ரெண்டு பேரும் ரயில புடிச்சி ஆவடிக்கு ஓடினோம். ஃப்ளெக்ஸ் கடைல தரைல விரிச்சி ஓரம் வெட்டிகினு கீறான் ஒருத்தன். எட்டடிக்கு நான். கண்ணு ஒவ்வொண்ணும் தோச கல்லு மாரி. கடைக்காரன் பேனர பாத்தான், என்ன பாத்தான், மறுபடி பேனர பாத்தான். அண்ணி முந்தானைய வாய்ல வெச்சிகினாங்க.

செயலாளர தனியா கூப்ட்டு எல்லாத்தையும் சொன்னோம். நான் தான் சொன்னேன். அண்ணி அந்த குட்ட போட்டோவ நீட்டி, இத்த போடுங்கன்னாங்க.

"ஏம்மா, இயற்கை காட்சியவா போடச் சொல்லுதிய?"

"ஆமாங்க. அவுரு எடுத்தது."

அவரு அத்த வெளிச்சத்துல புடிச்சி பாத்தாரு. பின்னாடி திருப்பி படிச்சாரு. எங்க கூட இருந்த ஒருத்தனையும் அங்கனயே எரிச்சோம், அவுக அம்மாவும் போட்டோ தான் கேட்டாவ, எங்ககிட்ட ஒண்ணு கூட இல்லன்னாரு. அப்பால மூக்க உறிஞ்சிகினு, ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிப் போடுதேன், அடையாள அட்டை போட்டோ இருந்தா ஒரு நாள் வரும்னாரு. வந்தா பாக்கலாம்னாங்க அண்ணி. கடைக்காரனுக்கு தான் வருத்தம். நல்ல கலர் வந்திச்சே சார்னு சொல்லிகினே சுருட்டினான்.

ஊட்டுக்கு வந்து புள்ளைக்கும் மருமவளுக்கும் சொன்னேன். மருமவ வாய பொத்திகினா. புள்ள பித்து புடிச்ச மாரி என்ன பாத்துகினே இருந்தான். அப்போ இத்தினி வருசமா பரிட்சைக்கி போவும்போது உன்னியா கும்புட்டுட்டு போனேன்னான். அதான் பாஸ் பண்ணலன்னேன்.

சட்டத்தோட அந்த போட்டோவ இன்னா பண்றதுன்னு கேட்டான். அண்ணி சொல்லி அனுப்பினத சொன்னேன்: தூக்கி போடாதீங்க, நாளைக்கி உங்க புள்ளைக்கி வேற போட்டோ தேடற வேல மிச்சம்னு. பீரோ மேல வெச்சி கீறான். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. என் போட்டோ தானே, எனக்கு தான்.

சுதந்திர தினத்தன்னிக்கி பார்க்கு தொறந்தாங்க. கல்லுல அண்ணன் பேரு. பக்கத்துல பேனர்ல குட்டையும் பனமரமும். கொடி ஏத்தி மிட்டாய் குடுத்தாங்க. புதுசா குடி வந்தவங்க எல்லாம் பேனர்கிட்ட நின்னு பாக்கறாங்க. ஒரு பெரியவரு, வெள்ளானூர்லயே பொறந்து வளந்தவரு, என் தோள்ல கை வெச்சி, நம்ம ஏரி தானேப்பா, அப்போ எவ்ளோ தண்ணி பாத்தியான்னாரு. இது வங்காளம்னு சொல்லலாமான்னு பாத்தேன். அவுரு மூஞ்ச பாத்துட்டு, ஆமா, அண்ணன் எடுத்ததுன்னேன்.

திரும்பும்போது புள்ளையோட ஆட்டோல வந்தோம். அண்ணி ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். புள்ள முன்னாடி சீட்லேந்து திரும்பி, நைனா, அப்போ பெரியப்பா நெசமா எப்டி தான் இருப்பாருன்னு கேட்டான்.

கண்ண மூடினேன். பயமா தான் இருந்திச்சி, மீச வெச்சவன் வந்து நிப்பானோன்னு. நிக்கல. ஏரி வந்திச்சி மொதல்ல. பனமரம் வந்திச்சி. தண்ணிலேந்து ஒரு தல எழும்பிச்சி, முடி நெத்தில ஒட்டிகினு. மூக்கு கொஞ்சம் சப்ப. சிரிச்சா ஈறு தெரியும்.

"சொன்னா நம்ப மாட்ட, மூக்கு சப்பையா இருக்கும் அவனுக்கு. எடது புருவத்துல ஒரு தழும்பு, கில்லி பட்டது. நான் அடிச்ச கில்லி தான்."

"எடது இல்ல தம்பி, வலது"ன்னாங்க அண்ணி.

"எடது அண்ணி. அடிச்சவனுக்கு தெரியாதா?"

"எதுத்தாப்புல நின்னு அடிச்சீங்க, உங்களுக்கு எடது, அவருக்கு வலது. நான் பக்கத்துல படுத்தவ."

புள்ள தலைய குனிஞ்சிகினான். டிரைவர் கண்ணாடில பாத்து சிரிச்சான். ஊடு வர வரைக்கும் உடல நாங்க. மூக்கு சப்பைன்றது மட்டும் ரெண்டு பேருக்கும் ஒத்து வந்திச்சி. காது எனக்கு பெருசுன்னு ஞாபகம், அவங்க சின்னதுன்றாங்க. ரெக்கார்டு ஆபீஸ்லேந்து போட்டோ வந்தா யாரு சொன்னது சரின்னு தெரியும்னான் புள்ள. வரட்டும். புருவம் எடது தான்.